அவுரி நீலம் அடியில் தங்க மறுக்கிறதா? மேல்தண்ணீரைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

நேற்று மாலை அவுரி இலை ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து, கை ஓயும்வரை அடித்து, அண்டாவை மூடி வைத்தீர்கள். காலையில் மூடியைத் திறந்தால் மேலே தெளிந்த தண்ணீரும் அடியில் கருநீல வண்டலும் இருக்க வேண்டும். இருப்பதோ மேலிருந்து கீழ்வரை ஒரே கலங்கல். இன்னும் ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம் என்று மூடிவிடுகிறோம். மறுநாளும் அதே கோலம்.

வீட்டில் அவுரி இலையிலிருந்து நீலம் எடுக்கத் தொடங்கிய முதல் பருவத்தில் இப்படியே காத்திருந்து மூன்று அண்டா சாயத்தைக் கீழே ஊற்றினேன். எங்கே தவறினேன் என்பது பிறகுதான் புரிந்தது. நீலம் தங்குமா தங்காதா என்பது தெளிய வைக்கும் இரவில் முடிவாவதில்லை. அதற்கு முன்பே, சுண்ணாம்பு போட்ட நேரத்திலும் அடித்த நேரத்திலும் முடிவாகிவிடுகிறது. காலையில் நாம் பார்ப்பது அதன் விளைவை மட்டும்தான். நல்ல வேளையாக, எங்கே பிசகியது என்பதை மேல்தண்ணீரின் நிறமே சொல்லிவிடும். பல பிசகுகளை அந்த நிலையிலும் சரிசெய்யலாம்.

அண்டாவுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவுரி இலையில் நீலம் நீலமாக இருப்பதில்லை. இண்டிகன் என்ற நிறமற்ற பொருளாக, சர்க்கரையோடு கோத்துக்கொண்டு இருக்கிறது. இலையை ஊறப் போட்டதும், இலையிலேயே உள்ள நொதி அந்தச் சர்க்கரையைப் பிரித்துவிடுகிறது. மிஞ்சும் இண்டாக்சில் தண்ணீரில் கரைந்து நிற்கும். இலையை அகற்றி, சுண்ணாம்பு சேர்த்து, காற்றுப் படும்படி அடிக்கும்போது அந்த இண்டாக்சில் இரண்டிரண்டாகச் சேர்ந்து நீலமாகிறது. நீலம் தண்ணீரில் கரையாது. ஆனால் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். அதனால் துகள் பொடியாக இருந்தால் மிதந்துகொண்டே இருக்கும். பல துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால்தான் இறங்கும். துகளின் விட்டம் இரண்டு மடங்கானால் இறங்கும் வேகம் நான்கு மடங்காகும். தங்காத நீலத்தைத் தங்க வைக்க நாம் செய்யும் வேலை எல்லாமே துகள்களை ஒன்றுசேர்க்கும் வேலைதான்.

முதலில் ஒரு கண்ணாடி டம்ளர்

எதையும் அண்டாவில் நேரடியாகப் போடாதீர்கள். கலங்கல் தண்ணீரை நான்கு கண்ணாடி டம்ளர்களில் முக்கால் அளவுக்கு எடுத்து ஜன்னல் ஓரம் வரிசையாக வையுங்கள். முதல் டம்ளரை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் இரண்டு ஸ்பூன் சுண்ணாம்புத் தெளிநீர். மூன்றாவது டம்ளரைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். நான்காவதுக்குத் தெளிநீர், சூடு இரண்டும். ஒவ்வொன்றையும் ஸ்பூனால் மெதுவாக ஒரு நிமிடம் கலக்கிவிட்டு விட்டுவிடுங்கள்.

பத்து நிமிடம் கழித்துக் கண்ணை டம்ளருக்கு நேராக வைத்துப் பாருங்கள். சரியான மருந்து கிடைத்த டம்ளரில் பால் திரிந்ததுபோல நீலம் சிறுசிறு திட்டாகப் பிரியும். திட்டுகளுக்கு நடுவே தேன் நிறத் தண்ணீர் கோடு கோடாகத் தெரியும். பிறகு அந்தத் திட்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அண்டாவில் என்ன செய்வது என்ற குழப்பமே வராது. ஒரு மணி நேரத்தில் எந்த டம்ளர் முந்துகிறதோ அதையே அண்டாவுக்குச் செய்யலாம்.

சுண்ணாம்புத் தெளிநீர் செய்வது எளிது. நீற்றிய சுண்ணாம்பு ஒரு கைப்பிடியை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, மூடி, இரவெல்லாம் வைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிராம் அளவுக்குத்தான் சுண்ணாம்பு கரையும் என்பதால், தெளிநீரில் அளவு கைமீறிப் போவதில்லை. கட்டிச் சுண்ணாம்பை நீற்றாமல் சாயத்தில் போடவே கூடாது. அது கொதித்துத் தெறிக்கும். நீற்றிய சுண்ணாம்பும் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள், குழந்தைகளைக் கிட்ட விடாதீர்கள்.

மேல்தண்ணீர் நீலமாக, மை கரைத்ததுபோல் இருக்கிறது

அதிகம் வரும் சிக்கல் இதுதான். நீலம் உருவாகிவிட்டது, ஆனால் துகள் ஒட்டவில்லை. காரணம் பெரும்பாலும் சுண்ணாம்புதான்.

நீற்றிய சுண்ணாம்பு மூட்டை திறந்து கிடந்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து வெறும் சுண்ணாம்புக்கல் பொடியாகிவிடும். பார்வைக்கு அதே வெள்ளைப் பொடி. வேலை செய்யும் காரம் போயிருக்கும். கண்டுபிடிக்க ஒரு சிட்டிகைப் பொடியில் வினிகர் சொட்டு விடுங்கள். நல்ல சுண்ணாம்பு பொங்காமல் கரையும். செத்த சுண்ணாம்பு சோடா போல நுரைத்துப் பொங்கும். வெள்ளையடிக்க வாங்கி மீதம் வைத்த பையிலிருந்து எடுத்துப் போட்டுத்தான் என் மூன்று அண்டாவில் இரண்டு வீணாயின. இப்போது கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி, நானே நீற்றி, தண்ணீருக்கு அடியில் விழுதாக வைத்துக்கொள்கிறேன். காற்றுப் படாததால் மாதக்கணக்கில் கெடுவதில்லை. வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பும் ஆகும், நிறமும் வாசனையும் சேர்க்காததாக இருந்தால்.

இரண்டாவது காரணம், சுண்ணாம்புக்குப் பதில் சலவைச் சோடா போடுவது. காரம்தானே வேண்டும், எதைப் போட்டால் என்ன என்று தோன்றும். காரம், புளிப்பின் அளவைக் காட்டும் பிஎச் தாளில் இரண்டும் ஒரே நிறத்தைக் காட்டலாம். ஆனால் சுண்ணாம்பு செய்வது இரண்டு வேலை. காரம் கொடுப்பதோடு, அதிலுள்ள கால்சியம் நீலத் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும் மின்னூட்டத்தை அடக்கி அவற்றை ஒட்ட வைக்கிறது. சோடாவிலுள்ள சோடியத்துக்கு அந்தப் பலம் மிகக் குறைவு. சோடா போட்ட அண்டாவில் நிறம் அருமையாக வரும், வண்டல் மட்டும் வராது.

சரிசெய்ய: 20 லிட்டர் கலங்கலுக்கு ஒரு லிட்டர் தெளிநீரை ஊற்றி, நீண்ட கரண்டியால் வட்டமாக, நுரை எழாமல், ஐந்து நிமிடம் கலக்குங்கள். பிஎச் 10க்கும் 11க்கும் நடுவில் நிற்கும்வரை மறுபடியும் சேர்க்கலாம். கலக்கும் வேகம் முக்கியம். வேகமாக அடித்தால் ஒட்டத் தொடங்கிய திட்டுகள் உடைந்து பழையபடி பொடியாகிவிடும். மஞ்சள் தடவிய தாள் சிவப்பாவதை வைத்து மட்டும் காரத்தை முடிவு செய்யாதீர்கள். பிஎச் ஒன்பதைத் தொடும் முன்பே மஞ்சள் சிவந்துவிடும், நமக்கு அது போதாது.

சோடா போட்டுவிட்ட அண்டாவுக்கு இதைவிட அதிகத் தெளிநீர் தேவைப்படும். சோடாவோடு சேர்ந்து முதலில் ஊற்றும் கால்சியம் வெள்ளைப் பொடியாகக் கீழே போய்விடும், அதற்குப் பிறகு ஊற்றுவதுதான் நீலத்துக்குக் கிடைக்கும். அந்த வெள்ளைப் பொடியைக் கடைசியில் வினிகரில் கழுவி எடுத்துவிடலாம்.

இங்கே படிகாரம் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கலங்கல் தெளியும், உண்மைதான். ஆனால் காரத் தண்ணீரில் படிகாரம் கஞ்சி போன்ற வெள்ளைக் கூழாக மாறித்தான் துகளை வாரிக்கொண்டு போகும். அந்தக் கூழ் நீலத்தோடு கலந்து, வடிகட்டும் துணியை அடைத்துக்கொள்ளும். தேத்தாங்கொட்டைக்கும் இதே பதில்தான். குடிதண்ணீரில் கசடு அடியோடு போய்விடலாம், நமக்கு வேண்டியது மேலே நிற்கும் தண்ணீர் என்பதால் அது நல்ல மருந்து. நமக்கு இங்கே வேண்டியது அந்தக் கசடேதான்.

மேல்தண்ணீர் பச்சையாக இருக்கிறது

நீலம் இன்னும் முழுதாகப் பிறக்கவில்லை. பச்சைத் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்து, கொஞ்சம் தெளிநீர் விட்டு, இரண்டு டம்ளருக்கு மாற்றி மாற்றி டீ ஆற்றுவதுபோல் ஆற்றுங்கள். நீலமாகத் திரும்பினால் அண்டாவை இன்னும் அடிக்க வேண்டும், அல்லது சுண்ணாம்பு குறைவு. திரும்பாமல் பச்சையாகவே இருந்தால் அது இலைக் கசடு. ஊறியதும் மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டாமல் விட்டிருப்பீர்கள்.

எவ்வளவு நேரம் அடிப்பது என்பதைக் கடிகாரத்தை நம்பிச் சொல்ல முடியாது. கால் மணி நேரத்திலும் ஆகும், முக்கால் மணியும் ஆகும். நுரை முதலில் பச்சையாக எழுந்து, நீலமாகி, பிறகு தளர்ந்து சீக்கிரம் அடங்கத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் விடுங்கள். சொட்டுக்குள் நீலக் குருணை தனியாகவும் அதைச் சுற்றிப் பழுப்புத் தண்ணீர் தனியாகவும் பிரிந்து தெரிந்தால் நிறுத்திவிடலாம். சொட்டு முழுக்க ஒரே பச்சைநீலமாகப் பரவினால் அடிப்பது போதவில்லை. குருணை தெரிந்த பிறகும் ஆசையாக அடித்துக்கொண்டிருந்தால் குருணை உடையும்; காலையில் முன்சொன்ன மைத் தண்ணீர்தான் கிடைக்கும்.

பச்சையில் இன்னொரு வகை உண்டு. முதல் நாள் நன்றாகத் தெளிந்த அண்டாவை வேலைப் பளுவில் நான்கைந்து நாள் மறந்துவிட்டீர்கள். திறந்தால் தண்ணீர் மஞ்சள் பச்சை, மேலே செம்பு நிற ஆடை, வண்டல் குறைந்திருக்கிறது. அடியில் புளிப்பேறி, நுண்ணுயிரிகள் நீலத்தை மறுபடியும் கரையும் நிலைக்கு மாற்றிக்கொண்டிருக்கின்றன. சாயத் தொட்டியில் துணி நனைப்பவர்கள் வேண்டுமென்றே செய்யும் அதே வேலை. பயப்பட வேண்டாம், பிஎச் பார்த்துச் சுண்ணாம்பு சேர்த்து மறுபடி அடித்தால் பெரும்பகுதி திரும்பி வரும். இனிமேல் இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள்.

மாலையில் பிஎச் சரியாக இருந்தது, காலையில் இறங்கிவிட்டது, நாற்றமும் அடிக்கிறது

இலை கூடுதல் நேரம் ஊறியிருக்கிறது. நம் ஊர் வெயிலில் மாலையில் ஊறப் போட்டால் மறுநாள் காலைக்கும் நண்பகலுக்கும் இடையில் பதம் வந்துவிடும். சித்திரை, வைகாசியில் அதற்கும் முன்பே. தண்ணீர் ஒளிரும் மஞ்சள் பச்சையாகி, மேலே ஊதா கலந்த செம்பு நிற மினுமினுப்பு ஓடினால் அதுவே பதம். இலையைத் தொட்டால் வழவழவென்று கையில் கரைகிறது, சாணி நாற்றம் வருகிறது என்றால் பதம் தாண்டிவிட்டது.

தாண்டினால் இரண்டு கெடுதல். புளிப்பிலிருந்து வரும் அமிலம் சுண்ணாம்பை இரவெல்லாம் தின்றுகொண்டே இருக்கும், அதனால்தான் பிஎச் இறங்குகிறது. இலையின் கொழகொழப்பு தண்ணீரில் இறங்கி, நீலத் துகள் ஒவ்வொன்றையும் போர்த்திக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்ட விடாமல் தடுக்கும். இதற்கு வெறும் சுண்ணாம்பு மட்டும் போதாது. கலங்கலோடு சம அளவு வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்து, தெளிநீரும் விட்டுக் கலக்குங்கள். கொழகொழப்பு நீர்த்துப்போகும், தண்ணீரின் பிசுப்பும் குறையும். 20 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடேறினால் வெறும் தண்ணீரின் பிசுப்பே மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. மார்கழிக் குளிரில் எல்லாம் சரியாகச் செய்தும் நீலம் ஆமை வேகத்தில் இறங்குவதற்கும் பாதிக் காரணம் இதுதான்.

வண்டல் ஓரளவு இறங்கியதும் மேல்தண்ணீரை இறுத்துவிட்டு, அடி விழுதை ஒருமுறை கொதிக்கவிட்டு இறக்குங்கள். பழைய நீலத் தொழிற்சாலைகளில் விழுதைக் கொப்பரையில் காய்ச்சுவது கட்டாயமான ஒரு படி. புளிப்பு அத்தோடு நின்றுவிடும். நீலம் அந்தச் சூட்டில் கெடாது.

நீலம் மேலே மிதக்கிறது, அல்லது இறங்கி இறங்கி எழும்புகிறது

நுரையோடு நிற்கும் நீலம் என்றால், கரண்டியால் நுரையை ஒரு தட்டில் அள்ளி, தண்ணீர் தெளித்து அடக்கி, மறுபடி அண்டாவில் விடுங்கள். நுரையைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் நல்ல நீலம் இருக்கிறது.

அடியிலிருந்து திட்டுத் திட்டாக எழும்பி வந்தால், புளிப்பு வாயுக் குமிழ்கள் வண்டலைத் தூக்கிக்கொண்டு வருகின்றன. மேலே சொன்ன கொதிதான் அதற்கும் மருந்து.

காலையில் தெளிந்து, மதியம் கலங்கி, இரவில் மறுபடி தெளிகிறதா? அண்டாவின் ஒரு பக்கத்தில் வெயில் படுகிறது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் சூடேறி மேலே போக, மறுபக்கம் கீழே இறங்க, உள்ளே ஓயாமல் ஒரு சுழற்சி ஓடுகிறது. நிழலுக்கு மாற்றி, ஈரமில்லாத சாக்கால் சுற்றிவிடுங்கள்.

முதலில் தெளிந்தது, கழுவக் கழுவத் தெளியாமல் போகிறது

என்னை நெடுநாள் திணற வைத்தது இந்தச் சிக்கல். முதல் இறுப்பில் தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்தில் கண்ணாடி போல நின்றது. இரண்டாவது கழுவலிலும் பரவாயில்லை. மூன்றாவது கழுவலுக்கு நீலம் முழுவதும் கிளம்பி, மூன்று நாள் ஆகியும் இறங்கவில்லை. சுத்தமாகக் கழுவ வேண்டும் என்று வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றியிருந்தேன்.

சாயம் போடும் ஓர் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன தண்ணி தம்பி ஊத்துன?”

சொன்னேன்.

“அங்கதான் தப்பு. போர் தண்ணி ஊத்து, உட்காந்துக்கும்.”

ஊற்றினேன். மாலைக்குள் உட்கார்ந்துவிட்டது. துகள்களை ஒட்டி வைத்திருந்தது கால்சியமும் மற்ற உப்புகளும்தான். உப்பே இல்லாத தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினால் அந்தப் பிடி கழன்று, துகள்கள் மறுபடி தனித்தனியாகிவிடும். ஆர்.ஓ. தண்ணீர், மழைத் தண்ணீர் இரண்டுக்கும் இது பொருந்தும். நம் ஊரில் பாத்திரத்தில் வெள்ளை படிகிறது என்று நாம் அலுத்துக்கொள்ளும் கடினத் தண்ணீர் இந்த வேலைக்கு வரம். அது கிடைக்காவிட்டால், கழுவும் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிநீர் சேர்த்துக்கொள்ளலாம்.

மேல்தண்ணீர் தெளிவு, ஆனால் வண்டல் பஞ்சுபோல் பாதி அண்டா நிற்கிறது

கெட்டுப்போகவில்லை, வண்டல் இறுகவில்லை, அவ்வளவுதான். தெளிந்ததை இறுத்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் விட்டு மறுபடி வையுங்கள். இரண்டு முறையில் இறுகும். வண்டல் வெளிர் சாம்பல் நீலமாக இருந்தால் சுண்ணாம்பு கூடிவிட்டது என்று அர்த்தம். கழுவி முடித்த கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வினிகர் விடுங்கள். பொங்குவது நின்றதும் மறுபடி போர் தண்ணீரில் கழுவினால் நிறம் ஆழமாகும்.

விழுது ஒரு பாட்டில் அளவுக்குச் சுருங்கிவிட்டதென்றால் பாட்டிலை நிமிர்த்தி வைக்காமல் சாய்த்து வையுங்கள். 1920இல் பாய்காட் என்ற ஆங்கிலேய மருத்துவர் சாய்த்து வைத்த குழாயில் ரத்த அணுக்கள் வேகமாக இறங்குவதைக் கவனித்து எழுதினார். நீலத்துக்கும் அதேதான். நிமிர்ந்த பாட்டிலில் துகள் முழு உயரமும் இறங்க வேண்டும். சாய்ந்த பாட்டிலில் பக்கத்துச் சுவரைத் தொட்டால் போதும், அங்கிருந்து சரிந்து அடிக்குப் போய்விடும். தெளிந்த தண்ணீர் எதிர்ச் சுவர் வழியாக மேலே ஏறும். திண்ணை ஓரத்தில் செங்கல்லில் பாட்டிலைச் சாய்த்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

வண்டலே இல்லை

இது தெளியும் சிக்கல் இல்லை, இலைச் சிக்கல். வெட்டிய இலையைக் குவித்துவைத்தால் உள்ளே புழுங்கி நீலம் அங்கேயே வீணாகும். பூ எடுக்கத் தொடங்கும் சமயத்தில், அதிகாலையில் அறுத்து, அன்றே ஊறப் போடுங்கள். நல்ல இலையிலும் ஒரு கிலோ பச்சைக்குச் சில கிராம் நீலம்தான் கிடைக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வண்டலைப் பாருங்கள். நாட்டு மருந்துக் கடையில் தலைக்குப் போட விற்கும் அவுரிப் பொடியில் முயல வேண்டாம். பொடியான இலைத் தூளும் நீலமும் சேர்ந்தே இறங்கும், பிரிக்க வழியில்லை.

வடிகட்டும் துணி அடைத்துக்கொள்கிறது

அவசரப்பட்டு ஊற்றியிருப்பீர்கள். இறுத்து இறுத்து, விழுது தோசை மாவுப் பதத்துக்கு வந்த பிறகுதான் துணிக்கே போக வேண்டும். நெருக்கமாக நெய்த பருத்தித் துணியை முதலில் நனைத்து, கூடையில் விரித்து, விழுதை ஊற்றி, இரவு முழுதும் சொட்ட விடுங்கள். முதலில் வழியும் நீலத் தண்ணீரைத் திரும்ப அதிலேயே ஊற்றுங்கள். துணியின் கண்கள் விழுதால் அடைபட்டதும் தெளிவாகச் சொட்டும். முறுக்கிப் பிழிந்தால் நீலம் துணியைத் தாண்டி வெளியே வந்துவிடும்.

இறுத்த காரத் தண்ணீரைச் செடிக்கோ குளத்துக்கோ விடாதீர்கள். இரண்டு நாள் திறந்த தொட்டியில் காற்றாட வைத்து, பிஎச் 8க்கு இறங்கியதும் நிறையத் தண்ணீர் சேர்த்து விடலாம். ஊறிய இலைச் சக்கை நேராக எருக்குழிக்கு.

துணியில் நின்ற விழுதைத் தட்டில் விரல் கனத்துக்குப் பரப்பி, கத்தியால் கட்டம் கீறி, நிழலில் காய விடுங்கள். ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடிக்கும். காய்ந்த கட்டியை நகத்தால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். தேய்த்த இடம் செம்பு போல மின்னினால், எடுத்தது நல்ல நீலம்.